யுக்காவின் நுனியில் முட்டை ஓடு

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு அசிங்கம்.

யுக்கா என்ற செடியை முதன்முதலில் பார்த்தபோது அதைத் தாழை என்று நினைத்தேன். நீள நீளமாய் இலை, வாள் மாதிரி விறைப்பு, நடுவில் குருத்து. தாழைதானே? திருநகரில் ஒரு வீட்டம்மாவிடம், "ரெண்டே வருசத்துல தாழம்பூ பூக்கும்மா, தெருவே மணக்கும்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி ஆறு கன்றுகளை நட்டுவிட்டேன். தாழை ஆற்றங்கரையில் வளர்வது, தண்ணீர் நிறையக் கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும். மனிதனைக் கெடுப்பது இந்த அரைகுறை ஞானம்தான். காலையும் மாலையும் ஹோஸ் பைப்பைப் பிடித்து, வைகையில் வெள்ளம் வந்த மாதிரி ஊற்றினேன். நாற்பது நாளில் ஆறும் அடித்தண்டு அழுகி, தொட்டால் பழைய சோறு போலப் பிதுங்கின. அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். "வாசம் வருதுதான்யா. தாழம்பூ வாசமான்னுதான் தெரியல" என்றார்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். யுக்கா எங்கள் உசிலம்பட்டிக்காரன் மாதிரி. தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால் நிமிர்ந்து நிற்பான். கொஞ்சினால் அழுகிவிடுவான்.

வீட்டுத் தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று கேட்டிருக்கிறார்கள். மண்ணில் எத்தனை பங்கு மணல், எப்போது உரம், பக்கக் கன்றை எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட நல்ல சட்டை போட்டவர்கள் சொல்லித் தருகிறார்கள். போனில் இல்லாத ஒன்றைத்தான் எழுதுகிறேன். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. மேலே அந்தத் தாழம்பூக் கதையைப் போட்டதுகூட, இதைத் தள்ளிப்போடத்தான்.

என் கூட்டாளி செல்லப்பாண்டி. என் மனைவியின் தம்பி. நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். என்னைவிட எட்டு வயது இளையவன். வேலையில் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். இருவரும் சேர்ந்து திருநகரில் பன்னிரண்டு வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துவந்தோம். வீட்டுக்காரர்களிடம் பேசுவது, செடி வாங்குவது, எல்லோரையும் சிரிக்க வைப்பது என் பங்கு. வேலை செய்வது அவன் பங்கு. இதை வேடிக்கைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே அப்படித்தான்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. யுக்கா இலையின் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை ஓட்டைச் செருகி வைப்பான். நம் பக்கம் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பார்ப்பவர்கள் திருஷ்டிக்கு என்பார்கள். இவன் வைத்தது அதற்கில்லை. யுக்காவில் நுனி மெத்தென்று இருக்கிற ஜாதியும் உண்டு, ஊசியாய் முடிகிற ஜாதியும் உண்டு. கன்றாக இருக்கையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் மெத்தென்ற ஜாதி என்று நம்பி வாங்கி நட்டதில் பாதி ஊசி ஜாதி. என் ராசி அப்படி.

"எதுக்குடா இந்தக் கோழிப்பண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குனிஞ்சு எந்திரிக்கையில மூஞ்சியில குத்தும் மச்சான். ஓடு இருந்தா கண்ணுக்குத் தெரியும், குத்தவும் செய்யாது."

"அப்ப நுனியை வெட்டிவிட்டுப் போயேன்."

"நீங்கதானே வெட்டுனா பழுப்பாத் தெரியுதுன்னு சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். கத்தரியால் நுனி ஊசியை மட்டும் ஒரு நகக்கண் அளவு வெட்டினால் செடிக்கு ஒன்றும் ஆகாது. வெட்டின இடம் காய்ந்து பழுப்பாக ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். அந்தக் கோடு என் கண்ணை உறுத்தியது. என் தோட்டம் பளிச்சென்று இருக்கவேண்டும் எனக்கு. அவன் எதிர்த்துப் பேசமாட்டான். புரோட்டாக் கடையிலிருந்தும் வீட்டுச் சமையல்கட்டுகளிலிருந்தும் முட்டை ஓடு வாங்கி, கழுவி, காயவைத்து, ஒரு சாக்குப்பையில் வைத்திருப்பான். நான் அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் "கொக்கரக்கோ" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடை வைத்திருந்த ஒரு பாய், திருநகரில் வீடு கட்டிக் குடிவந்திருந்தார். அந்த வீட்டில் கேட்டிலிருந்து பின்பக்கச் சமையல்கட்டுக்குப் போகிற நடைபாதை ஓரத்தில் ஒரு யுக்கா. நான் நட்டதுதான். நடும்போது முழங்கால் உயரம். முழங்கால் உயரச் செடியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஏழெட்டு வருஷத்தில் அது மூன்று தலை விட்டு, மூன்றும் சரியாக மனிதன் முகத்துக்கு நேரே வந்து நின்றன. ஒரு செடியை நடும்போது, அது என்ன உயரத்துக்கு வரும், அந்த உயரத்தில் அப்போது யாருடைய என்ன இருக்கும் என்று யோசிக்க வேண்டும். நான் யோசித்ததெல்லாம் கேட்டில் நுழைகிறவர்களுக்கு எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதுதான்.

பாய் வீட்டு மகளுக்கு நிக்காஹ். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில். அதற்கு முன்பே வீட்டில் சொந்தக்காரர்கள் கூட்டம், வீடியோக்காரர், பந்தல், விளக்குச் சரம், எல்லாம். வியாழக்கிழமை தோட்டத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கவேண்டும். நான் அன்று மாப்ளைக்கு முன்னாலேயே போய்விட்டேன். இப்படி நான் முந்திப் போவது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். போனவன் சும்மா இருந்திருக்கலாம். கேட்டுக்குள் நுழைந்ததும் அந்த யுக்காவைப் பார்த்தேன். மூன்று தலையிலும் முட்டை ஓடு, வெள்ளை வெள்ளையாக. வீடியோவில் இது விழுந்தால் என் மானம் என்ன ஆகும் என்று தோன்றியது. வீட்டுக்காரர்கள் யாரும் எடு என்று சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

செல்லப்பாண்டி வந்தான். செடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஓடெல்லாம் எங்க மச்சான்?"

"ஆம்லெட் போட்டுட்டேன்."

பந்தல்காரர்கள் சிரித்தார்கள். அவன் பையிலிருந்து கத்தரியை எடுத்து நுனியை வெட்டப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"மாப்ள, இன்னைக்கு வெட்டுனா ஞாயித்துக்கெழமைக்குள்ள பழுப்பாயிரும்டா. கல்யாணம் முடியட்டும். திங்கக்கெழமை நானே வெட்டுறேன், போதுமா?"

"ஆளுக நடக்குற பாதை மச்சான்."

"ஆளுக்குக் கண்ணு இருக்குல்ல?"

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். அவன் யுக்காவுக்கு அடியில் உட்கார்ந்து, காய்ந்து தொங்கின அடி இலைகளை உரித்துக்கொண்டிருந்தான். பந்தல்காரர் ஒருவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, "வழி விடுண்ணே" என்றார். இவன் சட்டென்று எழுந்தான். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். அதைவிடப் பெரிய சத்தம் எதுவும் இல்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றான்.

ஓடிப்போய்க் கையை விலக்கிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. கருவிழியில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. சிவப்பாக இருந்தது, தண்ணீர் கொட்டியது. ரத்தம் கொட்டியிருந்தால் நான் பயந்திருப்பேன். கொட்டாததால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தம்பிகளே, செடி குத்தின கண்ணில் ரத்தம் இல்லை என்பது நல்ல செய்தியே இல்லை.

பாய் வீட்டம்மா சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தார். மகளுக்குக் கல்யாணம், வீடு நிறைய ஆள், கையெல்லாம் மசாலா. அந்தக் கையோடு நின்று சொன்னார்.

"யா அல்லா. கண்ணு விசயம்ண்ணே, விளையாட்டில்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மகன் வண்டியில கொண்டுவந்து விடுவான்."

மகனும் சாவியோடு வந்து நின்றுவிட்டான். அப்போது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. வண்டியில் ஏறிப் போவது ஒன்று. போனால் அரை நாள் வேலை போகும், சாயங்காலத்துக்குள் தோட்டம் முடியாது, சொன்ன வாக்குத் தவறும். வாசலில் பத்துப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மாதிரி நேரத்தில் எனக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். அது தானாகவே வாயில் வந்துவிடும்.

மாப்ள அந்த ஒரு கண்ணை இறுக்கி மூடித் திறந்துகொண்டிருந்தான். நான் சொன்னேன்: "ஒண்ணுமில்லம்மா. எங்க மாப்ள ரெண்டு புள்ள பெத்தும் கண்ணடிக்கத் தெரியாம இருந்தான். இப்ப இந்தச் செடி கத்துக்குடுத்திருச்சு. பாருங்க, யாரைப் பாத்து அடிக்கிறான்னு!"

வாசலே சிரித்தது. பந்தல்காரர் ஏணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். செல்லப்பாண்டியும் சிரித்தான். ஒரு கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். சிரித்த மனிதன் அதற்குப் பிறகு எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவான்? குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு, மிச்ச இலையை உரிக்க உட்கார்ந்தான். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான் இத்தனை வருஷத்தில் கற்றதை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அடிபட்டவனைச் சிரிக்க வைக்காதீர்கள். அவன் உங்கள் முகத்துக்காகச் சிரித்துவிட்டு, வலியைத் தனியாக வைத்துக்கொள்வான்.

சாயங்காலம் தோட்டம் பளிச்சென்று இருந்தது. பாய் பாராட்டினார். திருமங்கலம் போய் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் பழக்கமானவர். மாப்ள கண்ணைத் துண்டால் பொத்தியிருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். எனக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எப்போது கிடைக்கும்? கண்ணடிக்கும் கதையை முதலிலிருந்து சொன்னேன். வாசலில் சொன்னதைவிட இப்போது கதை வளர்ந்திருந்தது. ஏணிக்காரர், பாய் வீட்டுச் சமையல்காரர், ஆடு ஒன்று என்று புதிய ஆட்களையெல்லாம் சேர்த்துவிட்டேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். நடுவில் மாப்ள என் காதுப்பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். டிக்கெட்டைப் பற்றி என்று நினைத்தேன். "இருடா, முடிச்சுக்கிறேன்" என்று கையைக் காட்டினேன். கதை முடியும்போது பஸ் முழுக்கச் சிரிப்பு. அவன் ஊர் எனக்கு முந்தின நிறுத்தம். இறங்கிப் படியிலிருந்து திரும்பிப் பார்த்தான். "வாரேன் மச்சான்" என்றான். நான் கண்ணடித்துக் காட்டினேன்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றியிருந்தான். சிவப்பு குறைந்திருந்தது. "பாத்தியா, அம்புட்டுத்தான்!" என்று நான் முதுகில் தட்டினேன். கண்ணாடியைப் பற்றி இரண்டு கிண்டல் வேறு. சனிக்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு முடிவெட்டப் போயிருப்பான் என்று வீட்டில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம். எங்கள் இருவரையும் பாய் குடும்பத்தோடு அழைத்திருந்தார். நான் இரண்டாவது தடவை பிரியாணி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி காலி. மாப்ள எங்கே என்று தேடவில்லை நான். தேடினது அந்த அம்மா. கல்யாணப் பெண்ணைப் பெற்றவர், அன்றைக்கு அவருக்கு ஆயிரம் வேலை. கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் இவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். போய்க் கண்ணாடியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். பிறகு நேராக என் பந்திக்கு வந்தார்.

"எந்திரிங்கண்ணே."

"சாப்பிட்டு..."

"எந்திரிங்க."

கருவிழியின் மேல் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளை. அதைச் சுற்றிப் புகை பிடித்த மாதிரி இருந்தது. வாசலில் வேறு வண்டி இல்லை, கல்யாண மாப்பிள்ளை வந்த கார்தான் நின்றது. ரோஜாச் சரமும் மல்லிகையும் சுற்றின அந்தக் காரில் எங்களை ஏற்றி, டிரைவரிடம் கண்ணாஸ்பத்திரிக்கு விரட்டச் சொன்னார். வழியெல்லாம் ஜனங்கள் குனிந்து பார்த்தார்கள், உள்ளே கல்யாண ஜோடி இருக்கிறதா என்று. பார்த்தவர்களுக்கு நானும் மாப்ளையும்தான் கிடைத்தோம். வேறு எந்த நாளாக இருந்தாலும் இதை வைத்து நான் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். அன்று வாய் ஒட்டிக்கொண்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எப்பக் குத்துச்சு?"

"வியாழக்கிழமை" என்றேன்.

"அன்னைக்கே ஏன் வரல?"

"அவன் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க டாக்டர்."

அவர் மருந்துப் புட்டியைக் கேட்டார். மாப்ள சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பெயரைப் படித்துவிட்டு மேஜையின் மறுகோடியில் வைத்தார். "செடி குத்துன கண்ணுல பூஞ்சை இறங்கும். இந்த மருந்து சிவப்பை மறைச்சிட்டு, உள்ள பூஞ்சையை வளர்த்து விட்டிருச்சு. முதல் நாளே வந்திருந்தா நிலைமை வேற" என்றார். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. ஒரு வாரம், இரண்டு வாரம். வெள்ளை பரவியது. ஒருநாள் காலையில் கருவிழியில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். மூன்றாவது வாரம் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

என் மனைவி என்னோடு சண்டை போடவில்லை. தம்பியின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரத்துக்குச் சோறு போட்டாள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் முன்பெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். இப்போது தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்பாள். அவளிடமும் நான் அதையேதான் சொன்னேன். "அவன் ஒரு வார்த்தை சொல்லலடி." பாயிடம் சொன்னேன். கண்டக்டரிடம் சொன்னேன். யாரும் கேட்காதபோதும் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பி வந்தான். ஒரு ரோஜாச் செடி முன்னால் நின்று, கத்தரியை நீட்டி வெட்டினான். கிளைக்கு நான்கு விரல் முன்னாலேயே கத்தரி மூடியது. மறுபடி வெட்டினான். காற்றைத்தான் வெட்டினான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. தண்ணீர் ஊற்றினால் தொட்டிக்கு வெளியே விழுந்தது. ஏணியில் காலை வைத்தபோது படி இருந்த இடத்தில் கால் இல்லை. பழகப் பழகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழகுகிற வரைக்கும் பொறுத்திருக்க வீட்டுக்காரர்கள் தயாராக இல்லை. ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாக்கவே பயமா இருக்குப்பா, வேற ஆள் பாரு" என்றார். நான் மாப்ளையிடம் சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவன் அதற்கு முன்பே கத்தரியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, என் பையில் வைத்துவிட்டான். மறுநாளிலிருந்து வரவில்லை. ஊரில் ஆடு வளர்க்கிறான் என்று கேள்விப்பட்டேன். இருபது வருஷக் கைவேலை, வெட்டின கிளை துளிர்க்கிற இடத்தைக் கண்ணால் பார்க்காமலே விரலால் கண்டுபிடிக்கிற கை. இப்போது ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுகிறது.

ஒருநாள் நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். அந்த யுக்காவை வேரோடு தோண்டிப் போட்டால்தான் ஆறும் என்றிருந்தது. நடைபாதைக்குப் போய்ப் பார்த்தால் மூன்று தலையிலும் முட்டை ஓடு. ஒரு நுனி விடாமல். அந்த அம்மா படியில் நின்றார்.

"நான்தான் மாட்டினேன். கடப்பாரை எதுக்குண்ணே?"

"இதைத் தோண்டி எறிஞ்சிர்றேம்மா."

"அது நட்ட எடத்துல நின்னுக்கிட்டுத்தானே இருந்துச்சு. அதுமேல என்ன குத்தம்?"

நான் கடப்பாரையைக் கீழே வைத்தேன். "நுனியாவது வெட்டிவிட்டுப் போறேம்மா" என்றேன். அவர் ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வாங்கிக்கொள்ள, நான் ஒவ்வொரு நுனியாக வெட்டினேன். வெட்டி முடித்ததும் அவர் மறுபடியும் ஓடுகளை மாட்டினார். "வெட்டியாச்சேம்மா" என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து நான் வேலையை விட்ட நாள் வரைக்கும், என் கைக்குட்பட்ட ஒரு யுக்காவிலும் ஊசி நுனி இருந்ததில்லை. பழுப்பாகத் தெரியத்தான் செய்யும். தெரியட்டும். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நடைபாதையிலிருந்து மூன்று அடி தள்ளி நடுங்கள். அடி இலை உரிக்கும்போது பட்டறையில் பொறி தெறிக்காமல் போடுகிற வெள்ளைக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், கூட வேலை செய்கிறவரையும் போடச் சொல்லுங்கள். யாருக்காவது கண்ணில் பட்டால், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் புறப்படுங்கள். மருந்துக்கடை வாசலில் நிற்காதீர்கள். வாக்குத் தவறினால் வீட்டுக்காரர் ஒரு வாரம் கோபப்படுவார், அவ்வளவுதான்.

போன மாதம் நான் வேலையை விட்டேன். முழங்கால் மக்கர் பண்ணுகிறது. இனி யாரையும் சிரிக்க வைக்கவேண்டிய தேவை இல்லை என்ற தைரியத்தில், மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டதைச் செய்யப் போனேன். செல்லப்பாண்டி வீட்டு வாசலில் ஆட்டுக்குட்டி ஒன்றின் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். விரலால் தடவித் தடவி, பார்க்காமலே எடுத்தான்.

"வாங்க மச்சான். அக்கா நல்லாருக்கா?"

டீ கொண்டுவந்தான். தம்ளரின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, அந்த விரல் சுடுகிற வரைக்கும் ஊற்றினான். சிந்தவில்லை. ஆட்டுக்குட்டியை மறுபடி மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். ஆடுகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். மழையைப் பற்றிக் கொஞ்சம். டீ ஆறிவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"மாப்ள, தப்பு எம்மேலதான். முட்டை ஓட்டை எடுத்தது நான். வெட்டவிடாம உன் கையைப் பிடிச்சது நான். இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரே ஒரு ஆத்தாமைடா எனக்கு. அன்னைக்கே வலிக்குதுன்னு நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன்னைத் தோள்ல தூக்கிப்போட்டுக்கிட்டு ஓடியிருப்பேனேடா."

அவன் ஆட்டுக்குட்டியை இறக்கி விட்டான். அது ஓடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்ல கண் இருக்கிற பக்கத்தை முழுசாக என் பக்கம் திருப்பினான்.

"பஸ்லயே சொன்னேன், மச்சான்."